ஐஸ் வைக்கக் கூடாத பெட்டி

குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் விழத் தொடங்கிய செய்தியை பாரூக்தான் போனில் சொன்னான். அவன் அங்கே பழக்கடை வைத்திருப்பவன். அவன் கடைக்கு அடுத்தது சங்கரேஸ்வரியின் பஜ்ஜிக் கடை.

"யக்கா, அஞ்சு பிரிவாவும் விழுது. நீங்க வாரீயளா, இல்ல இந்த வருசமும் அண்ணாச்சிதானா?"

"அண்ணாச்சிக்கு என்ன?"

"அவருக்கு ஒண்ணுமில்ல. அவரு பஜ்ஜிக்குத்தான். போன வருசம் ஒரு மலையாளத்துக்காரரு கடிச்சுப் பாத்துட்டு, உள்ள வாழைக்கா எங்கன இருக்குன்னு என்கிட்ட வந்து கேக்காரு."

சங்கரேஸ்வரி சிரித்தாள். போனை வைத்த பிறகு சிரிப்பு நின்றது. மூன்று சீசனாக அவள் இலஞ்சி வீட்டை விட்டு வெளியே போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். வைத்தியம் பார்த்ததில் கட்டிகள் கரைந்துவிட்டன. திரும்ப வராமல் இருக்க இன்னும் ஒரு மருந்தை அவ்வப்போது ஏற்றுகிறார்கள். நல்ல மருந்து. ஆனால் புற்றுநோய் எந்த வகை செல்லில் தொடங்கியதோ அந்த வகை முழுவதையும் அது அழித்துவிடுகிறது. கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியைத் தயாரிப்பதும் அந்த வகைதான். கொரோனா ஊசி போட்டுப் பார்த்தார்கள். டெஸ்டில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் போட்டார்கள். ஒன்றும் வரவில்லை. ஊரே மறந்துவிட்ட நோய் அவள் வீட்டு வாசலில் மட்டும் நின்றது.

வாசலில் அவள் கணவன் மாடனும் நின்றான்.

வருகிறவர்களை அவன் முதலில் தெருவில் நிறுத்துவான். இருமல் உண்டா என்று கேட்பான். உண்மையைச் சொன்னவர்கள் திரும்பிப் போனார்கள். சங்கரேஸ்வரியின் அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தபோது தெருவில் நின்றபடியே முகூர்த்த நேரத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் தங்களையும்தான் அழைக்கிறார் என்று நினைத்துக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

கடையை மாடன் நடத்தினான். அதற்கு முன் அவன் வேலை வாழைக்காய் சீவுவதும் தட்டு கழுவுவதும்தான். அதை நன்றாகச் செய்வான்.

இந்த வருஷம் மாசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஆன்டிபாடி வராதவர்களுக்கென்றே ஒரு புதிய தடுப்பூசியை ஆய்வு செய்கிறார்கள். தென்காசியில் ஒரு மாடிக் கட்டடத்தில் மையம். விருப்பம் இருந்தால் வரலாம்.

சங்கரேஸ்வரி அன்றே போகலாம் என்றாள். மாடன் கூட்டமில்லாத நேரம் கேட்டு, அதற்கும் முன்னதாகக் கூட்டிப் போனான்.

பெலிக்ஸ் என்ற இளைஞன் உட்கார வைத்துப் பேசினான். கடையம் ஊர்க்காரன். லேப் அவன் பொறுப்பு.

"இதுல வைரஸ் இல்லக்கா. உயிரோடவும் இல்ல, செத்தும் இல்ல. வைரஸோட புரதத்துல சில சின்னத் துண்டு இருக்கு. அது எப்படி இருக்கும்னு பாத்து, அதே மாதிரி மெஷின்ல செஞ்சது. மணி கோக்க மாதிரி ஒண்ணு ஒண்ணாக் கோத்தது. பெப்டைடுன்னு பேரு."

"இவளுக்குத்தான் ஆன்டிபாடி வராதே" என்றான் மாடன்.

"வராது அண்ணாச்சி. இது ஆன்டிபாடிக்கு இல்ல. டி செல்லுக்கு. அது வேற ஆளு. இவங்களுக்கு ஏத்துத மருந்து அதைத் தொடாது."

"அது என்ன பண்ணும்?"

"வைரஸ் ஒரு செல்லுக்குள்ள புகுந்துட்டுன்னு வைங்க. அந்தச் செல்லு, உள்ள இருக்க வைரஸ்ல ஒரு துண்டைத் தூக்கி வெளிய காட்டும். டி செல்லு அதைப் பாத்து, அந்தச் செல்லோட சேத்துத் தீத்துக்கட்டும். ஆனா முன்னப்பின்ன பாத்த துண்டா இருந்தாத்தான் வேகம் வரும். நாங்க இப்பவே காட்டிப் பழக்குதோம்."

"எல்லாருக்கும் இதைப் போடலாமா?"

"எல்லா உடம்பும் எல்லாத் துண்டையும் தூக்கிக் காட்டாது. ரத்தத்தைப் பாத்து, பொருந்துதவங்களத்தான் எடுக்கோம்."

"ஜாதகப் பொருத்தம் மாதிரி."

"கிட்டத்தட்ட."

"எங்க ஜாதகமும் பொருந்துதுன்னுதான் சொன்னாங்க" என்றாள் சங்கரேஸ்வரி. "அதைப் பாத்த ஜோசியர் இவருக்குப் பெரியப்பா."

பெலிக்ஸ் சிரிக்கவில்லை; சிரிப்பை அடக்கினான். "இது ஆய்வுதான்கா. வேலை செய்யும்னு சத்தியம் பண்ண முடியாது. செய்யுதான்னு பாக்கத்தான் செய்யுதோம்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ரத்தினம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாதவர்.

"வேலை செஞ்சா நான் கடைக்குப் போலாமா டாக்டர்?"

"டெஸ்ட் வரட்டும். பிறகு பேசுவோம்."

"டெஸ்ட் நல்லா வந்தா நானே பைக்ல கொண்டு விடுதேன்" என்றான் மாடன். எல்லார் முன்னாலும் சொன்னான். சாரல் சீசனுக்கு அப்போது நாள் இருந்தது.

ரத்தம் பொருந்தியது. வயிற்றுத் தோலுக்கு அடியில் ஊசி போட்டார்கள்.

சில நாளில் ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்தது. கொண்டைக்கடலை அளவு. சங்கரேஸ்வரி குளிக்கும்போது கையில் பட்டது. வெளியே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டி என்றால் அந்த வீட்டில் ஒரே அர்த்தம்தான்.

மாடன் மையத்து நர்ஸ் பொன்செல்விக்குப் போன் செய்தான். அவன் குரலைக் கேட்டு அவள் பயந்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, யாருக்கு என்ன?"

"கட்டி."

"வயித்துலயா?"

"ஆமா."

"ஊசி போட்ட இடத்துலயா?"

"ஆமா."

"அது வரணும் அண்ணாச்சி. அன்னிக்கே சொன்னோம்லா? எண்ணெய் மாதிரி ஒண்ணுல கலந்து போட்டிருக்கு. அது அங்கனயே உக்காந்து டி செல்லக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். கரைய நாளாகும். புண்ணாயிட்டுன்னா மட்டும் உடனே சொல்லுங்க."

மாடன் அன்று பெலிக்ஸ் பேசியதை மட்டும் கேட்டிருந்தான். பொன்செல்வி பேசியபோது ஜன்னல்கள் எல்லாம் திறந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து காலையில் அவன் கேட்கும் முதல் கேள்வி மாறிவிட்டது.

"இருக்கா?"

"இருக்கு."

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போவான்.

ஆனால் மனம் ஆறவில்லை. வைகாசியில் தனியார் லேப் ஆளை வீட்டுக்கே வரவழைத்து ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தான். பழையபடியே ஒன்றுமில்லை. அந்தக் காகிதத்தை மையத்துக்குக் கொண்டு போய் பெலிக்ஸ் முன்னால் வைத்தான்.

"தண்ணியப் போட்டு அனுப்பிட்டிய."

பெலிக்ஸ் பார்த்தான். "அண்ணாச்சி, மீன் கடைல போய் நின்னுக்கிட்டு கத்தரிக்கா இல்லங்கிய."

"வெளங்கலியே."

"இது ஆன்டிபாடி செய்யுத பி செல் கணக்கு. அக்காவுக்கு அது இல்லன்னு நமக்குத் தெரியும். நான் பாக்கப் போறது டி செல்லு. அதுக்கு வேற டெஸ்டு. ரத்தம் எடுத்து, செல்லைப் பிரிச்சு, அந்தத் துண்டைக் காட்டுவேன். தெரிஞ்ச துண்டுன்னா செல்லு முழிச்சுக்கும்."

"எப்ப எடுப்பிய?"

"அடுத்த வாரம்தான். அக்காவ இங்க கூட்டிட்டு வாங்க."

"இங்கயா? இந்தப் பஸ் ஸ்டாண்டு நெரிசல்லயா? நீங்க வீட்டுக்கு வாங்க."

பெலிக்ஸ் யோசித்தான். டாக்டரிடம் கேட்டான். சரி என்றார்கள்.

வீட்டுக்கு பொன்செல்வி வந்தாள். மாடன் வாசலில் இருமல் கேட்டான். இல்லை என்றாள். கை கழுவச் சொன்னான். கழுவினாள். சங்கரேஸ்வரியின் நரம்பு மெலிந்து போயிருந்தது. வலது கையில் கிடைக்கவில்லை. இடது கையில் கிடைத்தது. டியூப்களை ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியில் நிறுத்தி மூடினாள்.

"காபி குடிச்சிட்டுப் போ" என்றாள் சங்கரேஸ்வரி.

"வண்டி வர நேரம் இருக்கு. குடிக்கேன்க்கா."

இரண்டு பேரும் அடுக்களைக்குப் போனார்கள். இந்த வருஷ சாரல் எப்படி என்று பேச்சு தொடங்கியது. மாடன் பெட்டியோடு தனியாக இருந்தான்.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். குளிரவில்லை. மூடியைத் திறந்தான். டியூப்கள் நின்றன. ஐஸ் இல்லை.

ஊசி மருந்து வந்த பெட்டியை அவன் பார்த்திருக்கிறான். அதில் சுற்றிலும் ஐஸ் கட்டி இருந்தது. சொட்டு மருந்து வருகிற பெட்டியிலும் ஐஸ்தான். மீன், பால், கடையில் ஊற்றும் சர்பத், எல்லாவற்றுக்கும் ஐஸ் வேண்டும். ரத்தத்துக்கு வேண்டாமா? இந்தப் பிள்ளை மறந்துவிட்டது. புதுப் பிள்ளை. இப்போது போய்ச் சொன்னால் முகம் வாடிவிடும். டாக்டர் காதுக்குப் போனால் ஏச்சு விழும்.

சர்பத்துக்காக வாங்கி வைத்த ஐஸ் வீட்டில் இருந்தது. கொஞ்சம் உடைத்து, பால் கவரில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, டியூப்களுக்கு நடுவே செருகினான். மூடியை அழுத்தி மூடினான். கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றான்.

வண்டி வந்தது. பொன்செல்வி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து டிரைவரிடம் கொடுத்தாள்.

"பத்திரம் தம்பி" என்றான் மாடன்.

வண்டி அங்கிருந்து கடையம் போய், அங்கே இருந்தவர்களின் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு தென்காசி சேர்ந்தது.

முடிவு சொல்ல பெலிக்ஸே போன் செய்தான். சங்கரேஸ்வரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, ஒண்ணும் வரல."

மாடன் மின்விசிறியை நிறுத்தினான், சரியாகக் கேட்கட்டும் என்று.

"ஒண்ணுமேவா?" என்றாள்.

"ஒண்ணுமே. அதுதான் எனக்கு இடிக்குது. டெஸ்டு பண்ணுத தட்டுல குழி குழியா இருக்கும். அதுல ஒரு குழில எந்த டி செல்லா இருந்தாலும் உலுக்கி எழுப்புத மருந்து ஒண்ணு ஊத்துவோம். செல்லு நல்லா இருக்கான்னு பாக்கதுக்கு. அந்தக் குழிலயும் ஒண்ணும் இல்ல. அப்போ இது ஊசி தோத்த கணக்கு இல்ல. ரத்தம்தான் கெட்டிருக்கு. நான் பொன்செல்விகிட்ட கேட்டேன். வெயில்ல வச்சியா, குளிர வச்சியான்னு. இல்லவே இல்லன்னு சொல்லுதா. அழுதுட்டா."

மாடன் நிமிர்ந்தான்.

"ஏன் அழுதா?"

"நான் கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன் அண்ணாச்சி. கடையத்துப் பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருந்துது. இது மட்டும்னா, எடுத்தவங்களத்தானே கேக்க முடியும்?"

"அவள ஏசாதிய. ஐஸ் போடாம விட்டா, அவ்வளவுதான். அதையும் நான் போட்டுட்டேனே."

சங்கரேஸ்வரி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"என்ன போட்டிய அண்ணாச்சி?" என்று போனில் கேட்டான் பெலிக்ஸ்.

"ஐஸ். பால் கவர்ல கட்டி. ஒழுகாம கட்டுனேன்."

"அந்தத் தண்ணிக் கவரு!" என்றான் பெலிக்ஸ். "பெட்டிக்குள்ள ஒரு தண்ணிக் கவர் கிடந்துது. டிரைவர் குடிக்க வச்சிருக்கான்னு தூரப் போட்டேன். நானும் கேக்காம விட்டுட்டேன். அண்ணாச்சி, அந்த ரத்தத்துக்கு ஐஸ் ஆகவே ஆகாது. உயிருள்ள செல்லு. சாதாரணமா, வீட்டுக்குள்ள இருக்க சூட்டுல இருக்கணும். குளுந்தா விறைச்சுப் போகும். எழுப்புனாலும் எழும்பாது."

"ஊசி ஐஸ்லதானே வந்துது?"

"ஊசில இருக்கது துண்டு. அது பொருளு. இது உயிரு."

மாடன் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து பொன்செல்விக்குப் போன் செய்தான். மன்னிப்பு என்ற சொல் அவனுக்கு வரவில்லை. "நாந்தான்மா" என்றான். "நாந்தான் போட்டேன். நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். உன்னைய ஏசக் கூடாதுன்னுதான் சொல்லல." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"என்ன சொல்லுதா?" என்றாள் சங்கரேஸ்வரி.

"இனிமே பெட்டி பக்கத்துல வந்தா கையில குத்திருவாளாம்."

சங்கரேஸ்வரி தலையணையைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

டாக்டர் இன்னொரு முறை எடுக்க அனுமதித்தார். ஒரே முறை. அதுவும் அடுத்த மருந்து ஏற்றுவதற்கு முன்னால். அதுவும் சரியில்லையென்றால் அவள் கணக்கை ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் ஊசி வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

"வீட்டுக்கு வரட்டுமாக்கா?" என்று பொன்செல்வி கேட்டாள்.

"வேண்டாம். நானே வாரேன். ரத்தத்த அனுப்பதுக்கு ஆளையே அனுப்பிரலாம்."

"அண்ணாச்சி விடுவாரா?"

"அண்ணாச்சி இந்த வாரம் பேசவே மாட்டாரு. எப்பக் கேட்டாலும் சரிம்பாரு."

மாடன் ஆட்டோ பேசினான். இரண்டு பக்கத் திரையையும் கழற்றி, காற்று வரும்படி செய்யச் சொன்னான். சாரல் அடித்தது. இரண்டு பேரும் பாதி நனைந்தபடி போனார்கள். தென்காசிக் கோபுரம் தெரிந்ததும் சங்கரேஸ்வரி வெளியே தலை நீட்டிப் பார்த்தாள். மாசியில் வந்தபோது கடைகள் மூடியிருந்தன. புதிதாக ஒரு ஜவுளிக் கடை. பழைய பாத்திரக் கடை இடத்தில் மொபைல் கடை. ஒவ்வொன்றையும் மாடனிடம் சொன்னாள். அவன் அதையெல்லாம் தினம் பார்க்கிறவன். "ஆமா" என்று புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டான்.

மாடியில் ரத்தம் எடுத்தார்கள். இந்த முறை முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. பொன்செல்வி டியூப்களைக் கையில் எடுத்து அடுத்த அறைக்கு நடந்தாள். மாடன் எழுந்தான்.

"நீங்க உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தான்.

மறுநாள் மத்தியானம் பைக்கில் திரும்பவும் வந்தார்கள். வழக்கமாக டெஸ்ட் தட்டை யாருக்கும் காட்டுவதில்லை. டாக்டர் காட்டச் சொல்லியிருந்தார். இவ்வளவு பாடு பட்டவர்கள் பார்க்கட்டும் என்று.

பெலிக்ஸ் திரையைத் திருப்பினான். வெள்ளை வட்டங்கள் வரிசையாக இருந்தன.

"ஒவ்வொரு வட்டமும் ஒரு குழி. முதல்ல இது. இதுல துண்டு போடல. செல்லு மட்டும்."

வெள்ளையாக இருந்தது. எங்கோ ஒரு புள்ளி.

"இது உலுக்கி எழுப்புத மருந்து."

வட்டம் முழுக்க நீலம். மாடன் மூச்சு விட்டான்.

"அப்போ ரத்தம் கெடல" என்றான்.

"கெடல. இப்ப இது நம்ம துண்டு போட்டது."

சங்கரேஸ்வரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். வெள்ளை வட்டத்தில் நீலப் புள்ளிகள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்றில்லை. வட்டம் பூராவும்.

"மாவுல ஓமம் தூவுன மாதிரி இருக்கு" என்றாள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு டி செல்லு முழிச்ச இடம்கா. துண்டைப் பாத்து, தெரியும்னு சத்தம் போட்ட இடம்."

"எல்லாம் என்னுதா?"

"எல்லாம் உங்கதுதான்."

மாடன் திரைக்குக் கிட்டே போய் விரலால் எண்ணத் தொடங்கினான். மெஷின் எண்ணிவிட்டது என்று பெலிக்ஸ் சொன்னான். பரவாயில்லை என்று அவன் எண்ணினான். நடுவில் கணக்கு விட்டுப்போய் முதலிலிருந்து தொடங்கினான்.

டாக்டர் ரத்தினம் அவர்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"நல்லா வந்திருக்கு. நாங்க எதிர்பாத்ததைவிட நல்லா. ஆனா ஒண்ணு தெளிவாச் சொல்லணும். இது வைரஸை உள்ள வர விடாதுன்னு அர்த்தமில்ல. வந்தா, பிடிச்சு அழிக்க உங்ககிட்ட ஆள் இருக்குன்னு அர்த்தம். அந்த ஆளு போதுமா, எவ்வளவு நாள் இருக்கும், அதையெல்லாம் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"அப்போ போகலாமா, வேண்டாமா?" என்றாள்.

"மாஸ்க் போடணும். திறந்த இடமா இருக்கணும். முதல்ல கூட்டம் குறைஞ்ச நாளாப் போங்க. லேசாக் காய்ச்சல் அடிச்சாலும் அன்னைக்கே எனக்குப் போன் வரணும், மருந்து கையில இருக்கு. அப்படின்னா, என்னைக் கேட்டா, போகலாம். முடிவு உங்களுது."

மாடன் முன்னால் நகர்ந்தான். "காப்பாத்தும்னு எழுதித் தருவியளா டாக்டர்?"

"யாரும் தர முடியாது."

"அப்போ ஒரு வருசம் பொறுத்துப் பாப்போம்" என்றான் அவன், மனைவியைப் பார்க்காமல்.

சங்கரேஸ்வரி முன்னால் படி இறங்கினாள். பைக் பக்கத்தில் வந்ததும் நின்றாள். சாரல் நின்று வெயில் அடித்தது. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"டெஸ்ட் நல்லா வந்தா பைக்ல கொண்டு விடுதேன்னு சொன்னது யாரு?"

"சொன்னேன்."

"வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"பிறகு?"

"பயமா இருக்கு ஏட்டி."

அவன் இதை இதுவரை சொன்னதில்லை. மூன்று வருஷமும் இருமல் இருக்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறான்.

"எனக்கும்தான் இருக்கு" என்றாள். "நீங்க ஐஸ் போட்டது எதுக்குன்னு எனக்குத் தெரியும். கெட்டுறக் கூடாதுன்னு. மூணு வருசமா என்னையும் அப்படித்தான் வச்சிருக்கிய. கெடல. அதுக்கு மேல என் பொழப்புல என்ன இருக்கு, சொல்லுங்க?"

மாடன் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பவில்லை. உதைத்தான். கிளம்பியது. வீட்டுக்குப் பிரியும் இலஞ்சி விலக்கு வந்தது. அங்கே வேகத்தைக் குறைத்தான்.

"மாவு நான் கரைக்கவா, நீ கரைக்கியா?"

"நீங்க மாவைத் தொட்டா நான் வண்டியில இருந்து குதிச்சிருவேன்."

செவ்வாய்க்கிழமை போனார்கள். வாரத்தில் கூட்டம் குறைந்த நாள் அது என்று மாடன் பாரூக்கிடம் விசாரித்து வைத்திருந்தான். கூட்டம் குறைவு என்றில்லை, கூட்டமே இல்லை. மலையில் இரவெல்லாம் மழை. ஐந்தருவியும் ஒரே அருவியாகி, செம்மண் நிறத்தில் பாலத்தடியில் அலறிக்கொண்டு போனது. போலீஸ் கயிறு கட்டி வைத்திருந்தது. குளிக்கத் தடை.

பாரூக் கடையிலிருந்து ஓடி வந்தான். மாஸ்க்குக்கு மேலே அவள் கண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

"யக்கா! வந்துட்டியளா! ஆனா அருவியத்தான் மூடிட்டாங்க."

"நான் வாரேன்னு தெரிஞ்சு மூடுனாங்களோ?"

"வீட்டுக்குப் போலாமா?" என்றான் மாடன். குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

"எண்ணெயக் காய வைங்க."

காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அடுப்பை அந்தப் பக்கமாக நகர்த்தினாள். தார்ப்பாயின் ஓரத்தைச் சுருட்டி மேலே கட்டச் சொன்னாள். சாரல் உள்ளே வந்தது. வரட்டும் என்றாள். மாவைக் கையில் எடுத்து, விரலால் வழித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். மாடன் வாழைக்காய் சீவினான். சீவல்கள் ஒரே கனத்தில் விழுந்தன.

சட்டியிலிருந்து எடுத்த முதல் ஈட்டைக் கயிற்றுப் பக்கம் நின்ற போலீஸ்காரர் வாங்கிப் போனார். இரண்டாவது ஈட்டுக்கு அவர் இன்னொரு போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாரூக் கல்லாவை விட்டுவிட்டு நின்றே தின்றான். அவ்வளவுதான் வியாபாரம். மாடனுக்கு அது போதுமாயிருந்தது.

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. ராஜபாளையம் பக்கத்து ஆட்கள். கல்யாணம் முடிந்த குடும்பம் போலிருந்தது. மாப்பிள்ளை கழுத்தில் இன்னும் சந்தனம். எல்லோர் தலையிலும் எண்ணெய், தோளில் துண்டு. கயிற்றைப் பார்த்தார்கள். போலீஸ்காரரிடம் கெஞ்சினார்கள். பிறகு டிரைவரைத் திட்டினார்கள். பிறகு குளிரத் தொடங்கியது. பஜ்ஜி வாசம் எங்கிருந்து வருகிறது என்று தேடி, மொத்தமாகத் தார்ப்பாய்க்கு அடியில் வந்து நின்றார்கள்.

"யக்கா, சூடா என்ன இருக்கு?"

"வாழைக்கா. மிளகா. என்ன வேணும்?"

"எல்லாம் போடுங்க. ஏலே, தள்ளி நில்லு, அக்கா கையப் பாக்க விடு!"

அவர்கள் அடுப்பைச் சுற்றி நெருங்கினார்கள். ஒரு கிழவர் குளிரில் முனகிக்கொண்டு தீக்குப் பக்கமாகக் கைகளை நீட்டினார். ஒரு குழந்தைக்கு மூக்கு ஒழுகியது.

மாடன் கத்தியைக் கீழே வைத்தான். அடுப்பைச் சுற்றி வந்து, அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றான். வாயைத் திறந்தான். கேட்கப் போகும் கேள்வி அவளுக்குத் தெரியும்.

கேட்கட்டும் என்று அவள் விட்டாள். எண்ணெயில் மிளகாயை இறக்கினாள். மாஸ்க்கை மூக்கின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றி விட்டாள்.

மாடன் அவர்களைப் பார்த்தான். அவர்கள் அவனைத் தாண்டிச் சட்டியைப் பார்த்தார்கள்.

"மறிக்காதீக அண்ணாச்சி" என்றாள் ஒரு பெண் பின்னாலிருந்து.

அவன் ஒரு எட்டு நகர்ந்தான்.

"எத்தனை பேரு இருக்கிய?" என்று கேட்டுவிட்டு, தட்டு எடுக்கப் போனான்.